சந்திரலேகாவின் நடனம் எங்கள் பள்ளி மைதானத்துக்கு வரட்டும்

1952ஆம் ஆண்டு ராயலசீமாவில் கடும் வறட்சி. நிவாரண நிதி திரட்ட ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. ஆடியவருக்கு வயது 23. ‘மதுரா நகரிலோ’ பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். யமுனையில் கோபியர் நீரை வாரி இறைத்து விளையாடும் கட்டம். கை தண்ணீரை அள்ளிக்கொண்டிருக்கும்போதே, வெடித்துக் கிடக்கும் நிலத்தின் படங்கள் அவர் கண்முன் வந்து நின்றன. தண்ணீரில்லாமல் சாகிற ஊருக்காகக் காசு சேர்க்கும் மேடையில் இவ்வளவு தண்ணீரா என்று உடம்பு உறைந்துபோனதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் பெயர் சந்திரலேகா.

எங்கள் பக்கம் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது. சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது வாணியாறு அணை. அது நிரம்பினால் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மஞ்சளும் கரும்பும் நிற்கும். நிரம்பாத வருடம் குச்சிக்கிழங்கை நம்பித்தான் பிழைப்பு. தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் போர் போட்டுத் தண்ணீர் வந்தாலும் அதில் ஃப்ளூரைடு கலந்திருக்கும். பல்லில் பழுப்புக் கறையோடு சிரிக்கக் கூச்சப்பட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. சிலருக்கு அது எலும்பைப் பிடித்து, மூட்டும் முதுகும் இறுகி, நடுவயதிலேயே குனிந்து நடந்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. மேடையில் யமுனை ஓடும்போது வெளியே நிலம் வெடித்திருப்பதை ஒரு நடனக்காரி கவனித்தார் என்பதே அவரை எங்களுக்கு நெருக்கமானவராக ஆக்குகிறது.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. டீச்சர். நடனம் முறையாகக் கற்றவளில்லை, விமர்சனம் எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் தினமும் காலையிலிருந்து மாலைவரை நான் பார்ப்பது உடம்புகளை. எப்படி நிற்கிறது, எங்கே கூனுகிறது, எதற்குப் பயந்து சுருங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. சந்திரலேகா தன் வாழ்நாளின் பாதியை அந்தக் கேள்விகளுக்குக் கொடுத்தார். அவர் உருவாக்கிய நடனமுறை சென்னையின் சில அரங்குகளோடும் வெளிநாட்டு விழாக்களோடும் நின்றுவிடக் கூடாது, அரசுப் பள்ளிகளுக்கு, குறிப்பாக எங்களைப் போன்ற உள்ளடங்கிய ஊர்களுக்கு வந்தே ஆகவேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் தமிழ்நாட்டில் பிறந்தவரல்லர். 1928 டிசம்பர் 6இல் மகாராஷ்டிரத்தின் வாடா என்ற ஊரில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா மருத்துவர். சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு நடனம் கற்கச் சென்னைக்கு வந்தார். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளை அவருக்கு ஆசான். பாலசரஸ்வதியின் ஆட்டமும் ருக்மிணி தேவியின் ஆளுமையும் அவரைப் பாதித்தன. கவிஞர் ஹரீந்திரநாத் சட்டோபாத்யாய வழிகாட்டியாக இருந்தார். அப்புறம் சாகும்வரை சென்னைதான் அவர் ஊர். 2006 டிசம்பர் 30இல் இங்கேயே இறந்தார்.

1952இல் அந்த மேடையில் உறைந்துபோனவர் மறுநாளே சலங்கையைக் கழற்றிவிடவில்லை. 1960இல் ‘தேவதாசி’, 1972இல் ‘நவகிரக’ என்று படைப்புகள் வந்தன. ஆனால் கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அரங்கேற்றம் என்பது பணக்கார வீட்டுச் சடங்காகவும், நடனம் என்பது நகையும் பட்டும் புன்னகையுமாகவும் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. 1972க்குப் பிறகு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் அவர் மேடைக்குப் படைப்பு எதையும் கொண்டுவரவில்லை. ஒரு கலைஞரின் வாழ்க்கை வரலாற்றில் இந்த இடைவெளியை வெற்றிடமாகத்தான் பலரும் காட்டுவார்கள். எனக்கு அதுதான் அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான பகுதியாகப் படுகிறது.

அந்த ஆண்டுகளில் அவர் சுவரொட்டி வரைந்தார், புத்தக வடிவமைப்பு செய்தார், எழுதினார், பெண்கள் இயக்கத்தோடு நடந்தார். சதானந்த் மேனன், தஷ்ரத் பட்டேல் ஆகியோரோடு சேர்ந்து ‘ஸ்கில்ஸ்’ என்ற அமைப்பை நடத்தினார். சிற்றூர்களில் வேலை செய்கிற குழுக்களுக்குச் சுவரொட்டி அச்சடிக்கவும் தங்கள் செய்தியைத் தாங்களே சொல்லவும் கற்றுக்கொடுத்த இடம் அது. இந்தியாவின் முதல் பெண்ணியப் பதிப்பகங்களில் ஒன்றான ‘காளி ஃபார் விமன்’ சின்னத்தை வரைந்தவர் அவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்மீதும் சதானந்த் மேனன்மீதும் தேசத்துரோக வழக்குகூடப் போடப்பட்டது, பிறகு அது கைவிடப்பட்டது. நடனத்தை விட்டுப் போன ஒருவர் உலகத்தில் நடப்பதையெல்லாம் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு நடனத்துக்குத் திரும்பி வருகிறார். அப்படி வந்தவருடைய நடனம் பழையபடி இருக்குமா?

1984இல் மும்பையில் கிழக்கும் மேற்கும் சந்திக்கும் ஒரு பெரிய நடனச் சந்திப்பு நடந்தது. அங்கே அவர் மீண்டும் மேடைக்கு வந்தார். அடுத்த ஆண்டு ‘அங்கிகா’. பரதம், யோகம், களரிப்பயட்டு மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, இவை எல்லாம் ஒரே உடம்பிலிருந்து பிறந்தவை என்று காட்டிய படைப்பு. தெய்வக் கதை இல்லை. நாயகனுக்காக ஏங்கும் நாயகி இல்லை. நெற்றிச்சுட்டி, ராக்கொடி இல்லை. முகம் அமைதியாக இருக்க, முதுகும் இடுப்பும் பாதமும் பேசின. விலங்குகளின் நடையும் போர்வீரனின் பாய்ச்சலும் அரைமண்டியும் ஒரே மேடையில் வந்தன. இந்தியாவில் தற்கால நடனம் என்று இன்று நாம் சொல்கிற ஒன்றுக்கு ‘அங்கிகா’ ஒரு தொடக்கப் புள்ளி என்பதில் நடன உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அதன்பின் வரிசையாக வந்தவை பல. ‘லீலாவதி’ 1989, ‘பிராணா’ 1990, ‘ஸ்ரீ’ 1991, ‘யந்த்ரா’ 1994, ‘மகாகாள்’ 1995, ‘ராகா’ 1998, ‘ஸ்லோகா’ 1999, கடைசியாக 2001இல் ‘சரீரா’. 1991இல் சங்கீத நாடக அகாதமி விருதும் 2004ஆம் ஆண்டுக்கான, அதே அகாதமியின் உயரிய கௌரவமான ஃபெலோஷிப்பும் கிடைத்தன. இந்தப் பட்டியலை முழுக்க விரித்து எழுத இங்கே இடமில்லை. எங்கள் ஊருக்கு எது எதற்கு வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ‘ஸ்ரீ’. பெண்ணின் சக்தி பற்றிய படைப்பு. அதன் ஒரு பகுதியில் பெண்கள் முதுகு வளைந்து, முறிந்தவர்களைப்போல மேடையில் ஊர்ந்து நகர்கிறார்கள். குனிந்த முதுகோடு வரிசையாகப் போகிற அந்தப் பெண்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிறகு மெல்ல மெல்ல அந்த முதுகு நிமிர்கிறது. நிமிர்ந்த உடம்புகள் ஒன்றுசேர்ந்து பல கைகள் கொண்ட ஒற்றை உருவமாகின்றன. முதுகெலும்பைப் பற்றி சந்திரலேகா ஓயாமல் பேசினார். ஒரு மனிதரின் தன்மானம் அங்கேதான் குடியிருக்கிறது என்பது அவர் எண்ணம்.

ஆறாம் வகுப்பில் சேரும்போது எங்கள் பெண்பிள்ளைகள் நேராக நடந்து வருவார்கள். எட்டாம் வகுப்புக்குள் தோள் முன்னால் வந்துவிடும். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் மார்போடு அணைத்துக்கொள்வார்கள். கோ-கோ ஆடப் பறந்து வந்த பிள்ளை, “வயித்து வலி டீச்சர், நான் உக்காந்துக்கிறேன்” என்று வேப்பமரத்தடிக்குப் போய்விடும். யாரும் அவளை “குனிந்து நட” என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வீடும் தெருவும் பேருந்தும் சேர்ந்து சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. பெண்சிசுக் கொலைக்காகப் பெயர் கெட்ட மாவட்டம் இது. சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் வந்தது. பிறக்கும்போதே வேண்டாமென்று சொல்லப்படக்கூடிய ஓர் உடம்பு, பிறந்து வளர்ந்து பூப்பெய்தும்போது தன்னை மறைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மாஸ் டிரில்லில் நான் “நிமிர்ந்து நில்” என்று விசில் ஊதினால் அந்த நிமிடம் நிமிர்வார்கள். விசில் நின்றதும் பழைய கூன் திரும்பிவிடும். கட்டளைக்கு நிமிர்கிற முதுகு நிலைக்காது. ‘ஸ்ரீ’ நடனத்தின் அந்தப் பகுதியைப் பிள்ளைகளே செய்து பார்த்தால், குனிவது எப்படி உடம்பில் ஏறுகிறது, நிமிர எந்தத் தசை வேலை செய்கிறது, நிமிர்ந்தால் மூச்சு எங்கே போகிறது என்பதை அவர்கள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள்.

அடுத்து ‘லீலாவதி’. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய கணித நூலின் பெயர் அது. தேனீக்கள் எத்தனை, தாமரைகள் எத்தனை, அன்னங்கள் எத்தனை என்று கணக்குகளைச் செய்யுளாகக் கேட்கும் நூல். அதைச் சந்திரலேகா நடனமாக்கினார். கணக்குப் பாடம் அடவாக மாறியது. அந்த நூலின் பெயருக்குப் பின்னால் ஒரு மரபுக்கதை உண்டு. பாஸ்கரருடைய மகள் லீலாவதி. அவளுக்குச் சரியான திருமண முகூர்த்தத்தைக் கணித்து, நேரம் பார்க்க நீர்க்கடிகையை வைத்தாராம் தந்தை. அதை எட்டிப் பார்த்த சிறுமியின் ஆபரணத்திலிருந்து ஒரு முத்து விழுந்து கடிகையின் துளையை அடைத்துவிட்டது. முகூர்த்தம் தவறியது, திருமணம் நின்றது. மகளைத் தேற்ற, உன் பெயர் என்றைக்கும் நிற்கும்படி ஒரு நூல் செய்கிறேன் என்று அப்பா எழுதியதுதான் இந்த நூல் என்பார்கள்.

இந்தக் கதையை ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் சொன்னபோது அவர்கள் கேட்ட கேள்வி என்னை நிறுத்திவிட்டது. “அவளுக்கு அப்ப எத்தனை வயசு டீச்சர்?” எங்கள் மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் பழங்கதை ஆகிவிடவில்லை. கோடை விடுமுறைக்குப் போகிற பிள்ளை ஜூனில் திரும்பி வருவாளா என்று ஏப்ரலிலேயே கவலைப்படுகிற ஆசிரியைகள் நாங்கள். திருமணம் நின்றுபோனதால் கணக்குக்குள் நுழைந்த ஒரு சிறுமியின் கதையை அந்தப் பிள்ளைகள் சோகக் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தி கைதட்டினாள். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் நடக்கிற காரியம்தான். பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு என்று காரணமும் வைத்திருப்பார்கள். இரண்டு பாடவேளையையும் சேர்த்து ஒரு ‘லீலாவதி’ செய்து பார்க்கலாமே என்று கேட்கிறேன். சதுரம், முக்கோணம், விகிதம், அடுக்கு எல்லாவற்றையும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு உடம்பால் போட்டுப் பார்க்கலாம். அரைமண்டியில் உட்கார்ந்து கையை நீட்டினாலே உடம்பில் முக்கோணங்கள் தெரியும்.

மூன்றாவது ‘ராகா’. ஆணுக்குள் இருக்கும் பெண்மையைப் பற்றிய படைப்பு. 1998இல் அது வந்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. இதில் சுளிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை, ஏனென்றால் என் தாய்மாமன் கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். பகலில் புளி மண்டியில் மூட்டை தூக்குவார். திரௌபதியம்மன் திருவிழா வந்தால் இரவில் அவர்தான் பாஞ்சாலி. முகவீணை ஏற, திரையைப் பிடித்துக்கொண்டு அவர் வெளிப்படும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். துகிலுரியும் கட்டத்தில் அழாத ஆள் இருக்கமாட்டார். விடிந்து அரிதாரம் கலைத்ததும் அதே மாமனைப் பொடியன்கள் கேலி பேசிய நாளும் உண்டு. அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவருடைய இடுப்பு வளைவும் தோளின் அசைவும் எங்கிருந்து வந்தன என்று யாரும் அவரிடம் கேட்டு எழுதிவைக்கவில்லை. பல தலைமுறைகளாக எங்கள் ஊர்க் கூத்துக்களரிகளில் ஆண் உடம்பு பெண்மையைத் தாங்கி நின்றிருக்கிறது. சந்திரலேகா தொட்ட கேள்வி இங்கே அந்நியமானதல்ல. எங்கள் ஆண்பிள்ளைகளுக்கும் இந்த நடனம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மென்மையாக அசைவது அவமானமில்லை என்று கற்காத பையன் நாளை தன் வீட்டுப் பெண்ணிடம் எப்படி மென்மையாக இருப்பான்?

கூத்தைப் பற்றிப் பேசும்போதே ஒரு தடையையும் பேசிவிடுகிறேன். “இதெல்லாம் சென்னைக்காரங்களுக்கு. நம்ம ஊருக்குப் புரியாது.” இந்தப் பேச்சைப் படித்தவர்களிடமிருந்துதான் அதிகம் கேட்கிறேன். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, பாயும் போர்வையுமாக உட்கார்ந்து கூத்து பார்க்கிற ஊர் இது. அருச்சுனன் தபசில் தபசு மரத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறுவதைப் பகல் வெயிலில் நின்று பார்ப்பார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே கூடும். மெதுவான காலத்தையும் பெரிய உருவகத்தையும் எங்கள் மக்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிறிக்கி அடித்துச் சுழலும் கட்டை வேஷக்காரனின் மூச்சையும் காலையும் பார்த்து, இன்றைக்கு ஆட்டம் எப்படி என்று தீர்ப்பு சொல்லும் கண்கள் இங்கே இருக்கின்றன.

‘சரீரா’வை நான் சென்னையில் உடற்கல்வி படித்த காலத்தில் பார்த்தேன். விடுதித் தோழி ஒருத்தி பெசன்ட் நகருக்குக் கூட்டிப்போனாள். கடற்கரைக்கு எதிரே சந்திரலேகாவின் வீடு, அதே வளாகத்தில் அரங்கு. இன்று ‘ஸ்பேசஸ்’ என்று அழைக்கப்படும் இடம் அது. வெள்ளைவெளேர் என்ற விரித்த தலைமுடி, அழுத்தமான மை, பெரிய பொட்டு என்று அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை. ஒரு பெண், பிறகு ஓர் ஆண். ஆண் களரிப்பயட்டுக் கலைஞர் ஷாஜி ஜான். பெண் பாத்திரத்தைத் தொடக்கத்தில் பத்மினி செட்டூரும் பின்னர் பல ஆண்டுகள் எழுத்தாளர் திஷானி தோஷியும் ஆடினார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக நீளும் அந்த ஆட்டத்தில் கால் உயர்வதும் இடுப்பு திரும்புவதும் அங்குலம் அங்குலமாகத்தான் நடக்கும். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன யோசித்தார்களோ, நான் தொடைத் தசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று இது. வேகமாக உட்கார்ந்து எழு என்றால் ஐம்பது போடும் பிள்ளை, பத்து மூச்சு எடுத்து மெதுவாக உட்கார் என்றால் கால் நடுங்கிச் சாய்ந்துவிடும். மெதுவாக அசைய வேண்டுமென்றால் உடம்பு முழுவதும் விழித்திருக்க வேண்டும். அந்த விழிப்பை ஒரு மணி நேரம் விடாமல் வைத்திருந்த ஒரு பெண்ணுடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் யாருக்கும் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. யாரிடமிருந்தும் மறைத்துக்கொள்ளவும் இல்லை. என் பிள்ளைகளுக்கு நான் கொடுக்க ஆசைப்படுவது அதைத்தான்.

நடன இயக்குநர் ஆகவேண்டும் என்று சொல்கிற மாணவிகள் இப்போது இருக்கிறார்கள். மேற்படிப்பு வழிகாட்டல் வகுப்பில் ஒருத்தி எழுந்து அப்படிச் சொன்னபோது வகுப்பே சிரித்தது, பெரியவர்களும் சிரித்தார்கள். நடன இயக்குநர் என்றால் சினிமா மாஸ்டர் என்றுதான் எல்லார் மனதிலும் இருக்கிறது. சினிமா நடனத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆண்டுவிழாவில் எங்கள் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சம் பொய்யில்லை. ஆனால் வேறு வழிகளும் உண்டென்று அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? பத்மினி செட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். பிலானியின் பிட்ஸ் கல்லூரியில் வேதியியல் படித்தவர். பத்தாண்டுகள் சந்திரலேகாவின் குழுவில் ஆடிவிட்டு, 2001இலிருந்து தன் படைப்புகளைத் தானே உருவாக்குகிறார். ப்ரீத்தி ஆத்ரேயா சென்னையில் இயங்குகிறார். குதிப்பதை மட்டுமே வைத்து ஒரு முழுப் படைப்பு செய்திருக்கிறார், ஒரு சதுரத்துக்குள் பலபேர் சேர்ந்து குதிப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் மைதானத்தில் நீளம் தாண்டும் மணற்குழியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படைப்பு எனக்கு நினைவு வரும். நாளை காலை அதை எங்கள் பிள்ளைகளை வைத்துத் தொடங்கலாம். ஒரு பைசா செலவில்லை.

இந்தத் துறையில் சம்பாத்தியம் குறைவு, நிச்சயமில்லாதது என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை. சந்திரலேகாவே அரங்கேற்றப் பள்ளி நடத்திப் பணம் பண்ணியவரல்லர். வீட்டிலேயே ஒத்திகை, வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆட வந்தவர்களோடு குழு. விவசாயக் கூலி வீட்டுப் பெண்ணை இந்த வழியில் போ என்று தள்ளிவிடுவது பொறுப்பாகாது. அதனாலேயே பள்ளி வேண்டும் என்கிறேன். பள்ளிக்குள் கிடைத்தால், தொழிலாக எடுக்கிறவள் எடுப்பாள், மற்ற அத்தனை பேருக்கும் அவரவர் உடம்பாவது மிஞ்சும். பள்ளிகளில் நடனம் கற்றுத்தர ஆள் தேவைப்பட்டால் அதுவே ஒரு வேலையாகவும் ஆகும்.

அரசால் முடியாது என்று சொல்லிவிட முடியாது. இந்த மாவட்டத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1990களின் கடைசியில், டேனிஷ் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், பெண்சிசுக் கொலைக்கு எதிராகக் கலைப்பயணக் குழுக்கள் தருமபுரி மாவட்டத்துக் கிராமம் கிராமமாகப் போய் ஆடிப் பாடி நடித்தன. நான் அப்போது பள்ளி மாணவி. ஒரு பெண் எழுந்து நின்று ஊர் நடுவில் குரலெடுத்துப் பாடியதும், ஆண்கள் தலை குனிந்து கேட்டதும் இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த முயற்சியைப் பற்றி வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். உடம்பைக் கொண்டு உடம்பைப் பற்றிப் பேசினால் இந்த மண் கேட்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? அது ஒரு திட்டத்தின் காலத்தோடு முடிந்துபோனதுதான் வருத்தம்.

2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல முயற்சி. மனம் நிறைந்து சொல்கிறேன், எங்கள் ஊரிலிருந்து மாவட்டப் போட்டிக்குப் போன பிள்ளைகள் வேறு ஆட்களாகத் திரும்பி வந்தார்கள். அதோடு இன்னொன்றும் சேரட்டும். ஏற்கெனவே இருக்கிற பாட்டுக்கு, ஏற்கெனவே இருக்கிற அசைவை ஆடிக் காட்டுவது ஒரு பக்கம் இருக்க, பிள்ளைகளே தங்கள் அசைவுகளைக் கண்டுபிடித்துக் கோத்துச் செய்யும் படைப்புக்கு ஒரு தனிப் பிரிவு வேண்டும். மஞ்சள் வேகவைப்பது, குச்சிக்கிழங்கு பிடுங்குவது, குடத்தை இடுப்பில் வைத்து மேடேறுவது, அரூர் பேருந்தில் கூட்டத்தில் ஒடுங்கி நிற்பது, இவையெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அசைவுகள். இவற்றை எடுத்து நடனமாக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைத் திறந்துவிடச் சென்னையின் தற்கால நடனக்காரர்களை ஒரு பருவத்துக்கு ஒரு வாரம் அனுப்புங்கள். அவர்களோடு எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரையும் சம மரியாதையோடு, சம சம்பளத்தோடு உட்காரவையுங்கள். களரிப்பயட்டுக்குப் பதில் சிலம்பம் இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அது கைவந்த கலை.

பெற்றோர் சம்மதிப்பார்களா என்று கேட்பார்கள். உடை பற்றிய பயம்தான் முதலில் வரும். சந்திரலேகாவின் நடனக்காரிகள் எளிமையாகக் கட்டிய சேலையிலேயே ஆடினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சீருடை போதும். வயதுப் பெண்ணை ஆடவிடுவதா என்று தயங்கும் அம்மாக்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர்களையே கூப்பிட்டு ஒரு நாள் உட்காரவைத்து, பிள்ளையோடு சேர்ந்து மூச்சிழுத்து முதுகை நிமிர்த்தச் சொல்வேன். நாற்று நட்டுக் களை எடுத்துக் குனிந்தே கிடந்த முதுகுகள் அவை. முதல் நாளே வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பள்ளிக் கல்வித் துறைக்கும் கலை பண்பாட்டுத் துறைக்கும் என் கோரிக்கை நேரடியானது. வாரத்தில் இரண்டு உடற்கல்விப் பாடவேளையை யாரும் எடுத்துக்கொள்ள முடியாதபடி காப்பாற்றிக் கொடுங்கள். பயிற்சி பெற விரும்பும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு, தற்கால நடனக் கலைஞர்களிடம் கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வழி செய்யுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். சென்னையின் நடன இயக்குநர்களுக்கும் சொல்கிறேன். பொம்மிடிக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து ஊருக்குப் பேருந்து இருக்கிறது. தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. ஒளியமைப்பு வேண்டாம், மரத்தளம் வேண்டாம். மழை பெய்யாத மாதமாகப் பார்த்து, காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் வாருங்கள். தேர்வு நெருங்கிவிட்டால் பிள்ளைகளை எனக்கே விடமாட்டார்கள்.